கேட் மூடிய பிறகு உள்ளே வந்த கார்

ரயில்வே கேட் மூடிய பிறகு 4417-ஆம் எண் கார் உள்ளே நுழைந்தது என்று எங்கள் பதிவு சொன்னது. நிஜக் கேட் இல்லை, நிஜக் காரும் இல்லை, எல்லாம் கணினிக்குள் ஓடும் சிமுலேஷன்தான். ஆனாலும் அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தண்டவாளத்தின் மேல் வண்டி இருந்தால் கேட் இறங்கவே கூடாது என்று அந்த மாதிரியை எழுதியது நாங்கள்தான். நடக்க வழியே இல்லாத ஒன்று நடந்ததாகப் பதிவாகியிருந்தது.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரயில் தடத்தில் உள்ள சில லெவல் கிராசிங்குகளில், கேட் மூடும்போது வண்டிகள் எவ்வளவு தூரத்துக்கு நிற்கின்றன, மாலைக் கூட்டத்தில் அந்த வரிசை எதுவரை போகிறது என்று கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். மேம்பாலம் தேவையா என்று பார்க்க நம் நாட்டில் வழக்கமாக எடுத்துக்கொள்வது டிவியு என்ற எண். ஒரு நாளில் போகும் ரயில்களின் எண்ணிக்கையை அந்த நாளில் கடக்கும் சாலை வண்டிகளின் அலகுகளால் பெருக்குவார்கள். ஒரு லட்சம் வந்துவிட்டால் மேம்பாலத்துக்குத் தகுதி. ஆனால் அந்தப் பெருக்கலில், ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடம் நின்றது, வரிசை பின்னால் இருக்கும் நாற்சந்தியை அடைத்ததா என்பதெல்லாம் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் சிமுலேஷன்.

நான்கு புரோகிராம்கள். ஒன்று ரயில்களை ஓட்டும், ஒன்று கேட்டையும் சிக்னலையும் பார்த்துக்கொள்ளும், ஒன்று சாலை வண்டிகளை நகர்த்தும், நான்காவது எல்லோரிடமிருந்தும் செய்தி வாங்கிப் பதிவு செய்து வரிசை நீளத்தைக் கணக்கிடும். ஆரம்பத்தில் நான்கும் கோயம்புத்தூரில் ஒரே சர்வரில் ஓடின. மாதக்கணக்கில் பிரச்சினை எதுவும் இல்லை. அப்புறம் வண்டிகளின் எண்ணிக்கை கூடக் கூடச் சாலைப் புரோகிராம் அந்த சர்வரில் மூச்சு முட்ட ஆரம்பித்தது, அதை மட்டும் மும்பையில் ஒரு டேட்டா சென்டருக்கு மாற்றினோம். அந்த வாரத்திலிருந்து, அதே உள்ளீடு, அதே ரேண்டம் சீட் (தற்செயல் எண்களைத் தொடங்கி வைக்கும் எண்) கொடுத்து ஓட்டினாலும் ஒவ்வொரு முறையும் வேறு விடை வந்தது. ஒருமுறை 38 வண்டிகள் நின்றன என்றது, அடுத்த முறை 31 என்றது.

இதில் எனக்கு முதலில் உறைக்காதது ஒன்று உண்டு. கோவைக்கும் மும்பைக்கும் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோநொடி ஆகும் என்பதால், எவ்வளவு காசு செலவழித்தாலும் ஒரு பக்கத்துக்கு 5 மில்லிநொடிக்குக் கீழே போக முடியாது. எங்களுக்குப் போக வர 30 மில்லிநொடி ஆனது. 'இது என்ன பெரிய தாமதமா, கண் இமைப்பதே இதைவிட நேரம் எடுக்குமே' என்றுதான் நினைத்தேன். ஆனால் எங்கள் சிமுலேஷன் நிஜ நேரத்தைப் போல் 60 மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிஜத்தில் 15 மில்லிநொடி கழிவதற்குள் சிமுலேஷனுக்குள் 0.9 நொடி ஓடிவிடும். அதற்குள் ஒரு கார் தண்டவாளத்தில் ஏறிவிடலாம். சிமுலேஷனை எவ்வளவு வேகமாக ஓட்டுகிறோமோ, நெட்வொர்க் தாமதமும் உள்ளே அவ்வளவு பெரிதாகிறது. ஒரே சர்வரில் ஓடிய காலத்திலும் தாமதம் இருக்கத்தான் செய்தது. அது மிகச் சின்னதாக இருந்ததால் பிழை வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். பிழை முதல் நாளிலிருந்தே எங்கள் கோடுக்குள் இருந்தது.

சரி, 4417-க்கு வருவோம். செய்திகள் பதிவுப் புரோகிராமுக்கு வந்து சேர்ந்த வரிசையில் அப்படியே அச்செடுத்தோம், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அனுப்பியவர் போட்ட சிமுலேஷன் நேரத்தோடு:

கேட் மூடியது, 626.8
கார் 4417 உள்ளே, 612.3
கார் 4417 வெளியே, 616.8

நடந்தது எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது. கார் 612.3-இல் ஏறி 616.8-இல் இறங்கியது. 'தண்டவாளம் காலி' என்று சாலைப் புரோகிராம் கேட் புரோகிராமுக்குச் சொன்னது. கேட் உடனே இறங்க ஆரம்பித்து 10 நொடியில் மூடி, 'மூடிவிட்டேன்' என்று பதிவுக்குச் சொன்னது. அந்தக் கடைசிச் செய்தி, அதற்குக் காரணமான முதல் செய்தியை முந்திக்கொண்டு வந்துவிட்டது. கேட் மூடியதற்குக் காரணமே கார் வெளியேறியதுதான், ஆனால் பதிவில் விளைவு முதலில் வந்தது, காரணம் பின்னால் வந்தது.

எப்படி முந்தியது என்று தேட எங்களுக்கு இரண்டு நாள் ஆனது. சாலைப் புரோகிராமிலிருந்து கேட்டுக்குப் போகும் இணைப்பில் எப்போதாவது ஒரு சின்னச் செய்திதான் போகும். ஆனால் சாலையிலிருந்து பதிவுக்குப் போகும் இணைப்பில், நுழைவு, வெளியேற்றத்தோடு சேர்த்து வண்டிகளின் இருப்பிடங்களும் போய்க்கொண்டிருந்தன. அது தனி டிசிபி இணைப்பு, அனுப்பிய வரிசையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும் வகை. வண்டிகள் அதிகமானால் அதில் கூட்டம் சேரும், பின்னால் வரும் செய்தி முன்னால் இருப்பது போகும்வரை காத்து நிற்கும். சில சமயம் கால் நொடிக்கும் மேல். கேட் வழியாகச் சுற்றிப் போன செய்தி, நேர்வழியில் போனதைவிடச் சீக்கிரம் சேர்ந்துவிட்டது. ஊருக்குள் நேர்ச்சாலையில் நெரிசல் என்றால் பைபாஸில் சுற்றிப் போகிறவர் முன்னால் போய்ச் சேர்வார் இல்லையா, அதே கதை.

இதில் என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறொன்று. இந்தப் பிழை எல்லா நேரத்திலும் வரவில்லை. சிமுலேஷனுக்குள் மாலைக் கூட்ட நேரம் வந்தால்தான் வந்தது, அப்போதுதான் வண்டிகள் அதிகம், இணைப்பில் நெரிசலும் அதிகம். நாங்கள் அளக்க வேண்டியதும் அதே மாலைக் கூட்டத்தைத்தான். 'கேட் திறந்தது' என்ற செய்தி முந்திக்கொண்டு வரும்போது, ஏற்கெனவே வரிசையில் வந்து நின்றுவிட்ட வண்டிகளின் செய்திகள் இன்னும் வழியில் இருக்கும். பதிவுப் புரோகிராம் அவற்றை எண்ணாமல் கணக்கை முடித்துவிடும். ஆகவே தவறு இரண்டு பக்கமும் சமமாகச் சிதறவில்லை, எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்ந்தது: கூட்ட நேரத்து வரிசையைக் குறைத்துக் காட்டியது. நூறு முறை ஓட்டிச் சராசரி எடுத்தாலும் இந்தத் தவறு போகாது. தாமதத்தை வெறும் இரைச்சல் என்று நினைத்துச் சராசரியில் கரைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பதிவு மட்டும் தவறு என்றால் கூடப் பரவாயில்லை, எல்லாம் முடிந்த பிறகு டைம்ஸ்டாம்ப், அதாவது அனுப்பியவர் போட்ட நேரம், பார்த்து அடுக்கிக்கொள்ளலாம். கேட் புரோகிராமைத் திறந்து பார்த்தபோது நிலைமை இன்னும் மோசம் என்று தெரிந்தது. அதுவும் செய்தி வந்த வரிசையிலேயே வேலை செய்தது. 'ரயில் வருகிறது' என்ற எச்சரிக்கை பக்கத்துப் புரோகிராமிலிருந்து உடனே வந்துவிடும், 'கார் ஏறுகிறது' என்பது மும்பையிலிருந்து வர வேண்டும். அந்த 0.9 நொடி இடைவெளியில் கேட், தண்டவாளம் காலி என்று நம்பி இறங்க ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்து அடுத்த கார் நிற்கும், அதன் பின்னால் வருபவை நிற்கும், அதற்கு மேல் அந்த மாலை முழுவதும் வேறு மாலையாகிவிடும். இதை எந்த அடுக்கலாலும் பிறகு சரிசெய்ய முடியாது.

நாங்கள் செய்த தவறான வைத்தியங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் இதே படிகளில் பலரும் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் இரண்டு ஊர் சர்வர்களின் கடிகாரங்களையும் என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை வைத்து நன்றாக ஒத்திசைத்தோம். இதனால் ஒரு பயனும் இல்லை, இருக்கவும் முடியாது. எங்கள் செய்தியில் இருப்பது சிமுலேஷன் நேரம், சுவர்க் கடிகார நேரம் இல்லை. கடிகாரங்கள் நூற்றுக்கு நூறு ஒத்துப்போனாலும் செய்தி தாமதமாகத்தான் வரும்.

அடுத்து, அப்போது வண்டி இருப்பிடங்களில் ஒரு பகுதியை யூடிபியில் (வரிசைக்கு உறுதி தராத முறை) அனுப்பிக்கொண்டிருந்தோம், அதையும் டிசிபிக்கு மாற்றினோம். டிசிபி வரிசையைக் காப்பாற்றும் என்பது உண்மைதான், ஆனால் ஒரே இணைப்புக்குள் மட்டும். இரண்டு இணைப்புகளில் வரும் செய்திகளில் எது முதல் என்று அது எந்த உறுதியும் தருவதில்லை. பல புரோகிராம்களுக்கிடையே செய்தி அனுப்ப எம்பிஐ பயன்படுத்துகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஒருவர் ஒருவருக்கு அனுப்புவது முந்தாது, ஆனால் பலரிடமிருந்து யார் அனுப்பினாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினால் வரிசை உங்கள் கையில் இல்லை.

மூன்றாவது வைத்தியம்தான் ஆபத்தானது, ஏனென்றால் அது வேலை செய்வதுபோலத் தெரிந்தது. செய்தி வந்ததும் எடுத்துக்கொள்ளாமல் 300 மில்லிநொடி வைத்திருந்து, அதற்குள் வந்ததையெல்லாம் டைம்ஸ்டாம்ப் படி அடுக்கி, பிறகு எடுப்பது. உடனே எல்லாம் சரியானது. ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரே விடை. மூன்று வாரம் நிம்மதியாக இருந்தோம், அந்த மூன்று வாரத்தில் ஓர் அறிக்கையும் கொடுத்துவிட்டோம். பிறகு ஒரு நாள் நெட்வொர்க் பாதையில் ஏதோ மாறி தாமதம் அரை நொடியைத் தொட்டது. காலம் கடந்து வந்த செய்தியை என்ன செய்வது என்று எங்கள் கோடில் ஒரே ஒரு வரி இருந்தது: தள்ளிவிடு. எச்சரிக்கை இல்லை, எண்ணிக்கை இல்லை. அன்று எத்தனை வண்டிகளைத் தூக்கி எறிந்தோம் என்பதைக்கூட எங்களால் பிறகு சொல்ல முடியவில்லை. போன் அழைப்பிலும் வீடியோவிலும் இப்படிக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து எடுப்பது சரியான வழி, ஒரு துணுக்குச் சத்தம் போனால் காது பொறுத்துக்கொள்ளும். எண்ணிக்கை எடுக்கும் வேலையில், நெட்வொர்க் இவ்வளவுதான் தாமதிக்கும் என்று நாமே ஓர் எண்ணை முடிவு செய்துகொள்வது கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடப்பது மாதிரி. இன்று உங்கள் கோடில் அப்படி ஓர் எண் இருந்தால், குறைந்தபட்சம் தாமதமாக வந்த செய்தியைக் கண்டதும் ஓட்டத்தையே நிறுத்தும்படி மாற்றிவிடுங்கள். தவறான விடையைவிட நின்றுபோன ஓட்டம் எவ்வளவோ மேல்.

சரியான வழி புதிதல்ல, எங்களில் பலர் பிறப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில், பல கணினிகள் சேர்ந்த அமைப்பில் எது முன், எது பின் என்பதைச் சுவர்க் கடிகாரத்தால் தீர்மானிக்க வேண்டியதில்லை, எது எதற்குக் காரணமாக இருக்க முடியும் என்பதால் தீர்மானிக்கலாம் என்று காட்டினார். சிமுலேஷனுக்கென்றே, அதே எழுபதுகளின் கடைசியில் சாண்டி, மிஸ்ரா இருவரும், தனியாக பிரையன்ட்டும் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். மூவர் பெயரையும் சேர்த்துத்தான் இன்றும் அதைச் சொல்கிறோம்.

முறை இதுதான். ஒவ்வொரு புரோகிராமும் தனக்கு அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி க்யூ வைத்துக்கொள்ளும். எல்லாக் க்யூவிலும் ஏதாவது ஒரு செய்தி இருந்தால்தான், அவற்றில் மிகக் குறைந்த நேரம் உள்ளதை எடுக்கலாம். ஒரு க்யூ காலியாக இருந்தால் நிற்க வேண்டும், ஏனென்றால் அவரிடமிருந்து இன்னும் பழைய நேரத்துச் செய்தி வழியில் வந்துகொண்டிருக்கலாம். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவர் சும்மா இருந்தால் மற்றவர்கள் நின்றேபோவார்கள், அதனால் அவர் வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்ப வேண்டும்: 'இந்த நேரம் வரை என்னிடமிருந்து எதுவும் வராது, நீ தைரியமாகப் போ.' இங்கே நெட்வொர்க் எவ்வளவு தாமதித்தாலும் ஓட்டம் மெதுவாகுமே தவிர விடை மாறாது. எனக்கு இந்த ஒன்று போதும்.

ஆனால் எவ்வளவு நேரம் முன்னால் வரைக்கும் அந்த வாக்கைக் கொடுக்க முடியும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை லுக்அஹெட் என்பார்கள். எங்கள் சாலைப் புரோகிராம் கார் வெளியேறிய அதே நொடியில் 'காலி' என்றது, கேட் அதே நொடியில் மணியடித்து இறங்க ஆரம்பித்தது, மணி கேட்ட அதே நொடியில் வண்டிகள் பிரேக் போட்டன. இரண்டு பக்கமும் லுக்அஹெட் பூஜ்யம். நீ சொல்லு நான் சொல்கிறேன் என்று இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டன. என்னுடன் வேலை பார்க்கும் தம்பி, "அண்ணா, பேசாம ஒரு சின்ன எண்ணைச் சேர்த்துடலாமா, 0.001 மாதிரி?" என்று கேட்டார். அப்படிச் செய்தால் நிற்காது, ஆனால் ஆயிரம் வெற்றுச் செய்திக்கு ஒரு நொடி என்று ஊர்ந்துகொண்டிருக்கும்.

விடை நெட்வொர்க்கில் இல்லை, கேட்டில் இருந்தது. எங்கள் ஆலோசகர் ஒருவர் ரயில்வே சிக்னல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் போய் இதைச் சொன்னதும், "தம்பி, எந்த கேட்கீப்பர் வண்டி போன அதே நொடியில இறக்குவாரு? ரெண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துட்டுத்தானே கை வைப்பாரு. குறைஞ்சது ஒரு நொடி ஆகும்னு போடுங்க" என்றார். கேட் மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கும், அதனால் அந்த மனிதர் அவசரப்பட மாட்டார் என்றும் சொன்னார். நாங்கள் மாதிரியில் விட்டுவிட்ட அந்த ஒரு நொடி, மாதிரியையும் சரி செய்தது, சிக்கலையும் அவிழ்த்தது. உங்களுக்கு லுக்அஹெட் வேண்டுமென்றால் கோடைப் பார்ப்பதற்கு முன் நிஜ உலகத்தில் எது எதற்கு நேரம் எடுக்கிறது என்று அந்தத் துறைக்காரரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும்.

இப்போது கணக்கு எளிது. சாலை, கேட் இரண்டும் ஒரு சுற்றுப் பேசி முடித்தால் சிமுலேஷன் 1 நொடி நகரும். ஒரு சுற்றுக்கு 30 மில்லிநொடி. அப்படியென்றால் எவ்வளவு முயன்றாலும் 33 மடங்குக்கு மேல் போகாது. சரி, 60 இல்லாவிட்டால் 33 என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓட்டினால், 10 மடங்கைத் தாண்டவில்லை! பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. சாலைப் பக்கம் ஒவ்வொரு செய்தியையும் தலைப்பு ஒருமுறை, உடல் ஒருமுறை என்று இரண்டு தடவையாக எழுதியது. நேகிள் முறைப்படி, முதல் துண்டுக்கு ஒப்புதல் வரும்வரை டிசிபி இரண்டாவது சின்னத் துண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுமுனையில் லினக்ஸ் அந்த ஒப்புதலை 40 மில்லிநொடி வரை தள்ளிப்போடும். ஆக 15 போக, 40 காத்திருக்க, 15 திரும்ப, பிறகு உடல் போக 15, பதில் வர 15. மொத்தம் 100. இரண்டையும் ஒரே எழுத்தாக மாற்றி, அப்படிக் காத்திருக்காமல் அனுப்பச் சொல்லும் டிசிபி நோடிலே என்ற ஆப்ஷனையும் போட்டதும் 30 மடங்குக்கு வந்துவிட்டது. வெற்றுச் செய்தி அனுப்பும் எந்த அமைப்பிலும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இதைவிடப் பெரிய பலன் தந்தது இடமாற்றம். எந்தப் புரோகிராமை எந்த ஊரில் வைப்பது என்பதை நாங்கள் சர்வரின் வசதியைப் பார்த்து முடிவு செய்திருந்தோம். பார்க்க வேண்டியது லுக்அஹெட்டை. சாலைக்கும் கேட்டுக்கும் இடையே 1 நொடிதான், அவை ஒட்டிப் பிறந்தவை. ரயிலுக்கும் கேட்டுக்கும் அப்படியில்லை. எச்சரிக்கை கொடுக்கும் இடத்தை அடுத்த ரயில் தொட எப்படியும் 20 நொடிக்கு மேல் ஆகும் என்று ரயில் பக்கம் வாக்குக் கொடுக்கலாம், இறங்கவே 10 நொடி ஆகும் என்று கேட் வாக்குக் கொடுக்கலாம், ஒரு சுற்றுக்கு 30 நொடி. ஆகவே கேட் புரோகிராமையும் மும்பைக்கு அனுப்பிச் சாலையின் பக்கத்திலேயே வைத்தோம். நீளமான கம்பி இப்போது தளர்வான ஜோடிக்கு நடுவில் ஓடுகிறது. தாமதம் ஒரு மில்லிநொடிகூடக் குறையவில்லை, ஆனால் நெட்வொர்க் எங்களைத் தடுப்பதே நின்றுபோய், சர்வரின் சொந்த வேகம்தான் எல்லையானது. என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரைப் பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும், அங்கே பகுதிகளைப் பிரிக்கும் இணைப்புகளில் மிகக் குறைந்த தாமதம் எதுவோ அதுதான் லுக்அஹெட், அதனால் நீண்ட தாமதம் உள்ள இணைப்பில் வெட்டினால்தான் லாபம்.

இன்னொரு வழியும் உண்டு. யாருக்காகவும் காத்திருக்காமல் ஓடுவது, பழைய நேரத்துச் செய்தி வந்தால் அந்த நேரத்துக்குத் திரும்பிப் போய், தவறாக அனுப்பியவற்றை எதிர்ச்செய்தி அனுப்பி அழித்துவிட்டு மறுபடி ஓடுவது. டேவிட் ஜெஃபர்சன் 1985-இல் எழுதிய டைம் வார்ப் முறை. லுக்அஹெட் கிடைக்காத மாதிரிகளுக்கு இது அருமையான வழி என்று நான் நம்புகிறேன். எங்களுக்கு ஒத்துவரவில்லை. திரும்பிப் போக வேண்டுமென்றால் ஒவ்வொரு புரோகிராமும் தன் பழைய நிலையைச் சேமித்து வைக்க வேண்டும், எங்கள் ரயில் புரோகிராம் பழையது, அதன் உள்ளே கை வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை.

பல சிமுலேஷன்களை இணைத்து ஓட்டும் தரநிலையான ஹெச்எல்ஏ, அதாவது ஐஇஇஇ 1516, பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இதையெல்லாம் ஆர்டிஐ (அவற்றை இணைக்கும் நடு மென்பொருள்) பார்த்துக்கொள்ளும் என்பது உண்மை, ஆனால் நாம் கேட்டால்தான். அனுப்புகிறவர் நேரத்தை ஒழுங்குபடுத்துபவராக இருக்க வேண்டும், வாங்குகிறவர் நேரத்துக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும், அந்தத் தரவு டைம்ஸ்டாம்ப் வரிசை என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அனுப்பும்போது டைம்ஸ்டாம்ப்பும் கொடுக்க வேண்டும். நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் வந்த வரிசையிலேயே கொடுத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பழைய திட்டம் ஒன்றில் ஒரே ஒரு புரோகிராமில் கட்டுப்பாட்டை இயக்க மறந்து, ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். இராணுவப் பயிற்சிக்கு வந்த டிஐஎஸ் முறையில் வரிசைக்கு உத்தரவாதமே கிடையாது, அங்கே மனிதர்கள் நிஜ நேரத்தில் அமர்ந்து ஓட்டுகிறார்கள், ஒரு செய்தி தவறினால் அடுத்தது வந்துவிடும், அந்த வேலைக்கு அது சரி. நம் வேலை எந்த வகை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது, நாற்பது ஓட்டத்துக்கு ஒருமுறை விடை இன்னும் மாறியது. இதைப் பிடித்தது தம்பிதான். இரண்டு செய்திகளுக்கும் ஒரே நேரம், 700.0 என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று ரயிலிடமிருந்து, ஒன்று சாலையிடமிருந்து. எது முதல்? எங்கள் கோடு, முதலில் வந்தது எதுவோ அதை எடுத்தது, பின்வாசல் வழியாக நெட்வொர்க் மறுபடி உள்ளே வந்துவிட்டது. இப்போது நேரம், அனுப்பியவரின் எண், அவர் போட்ட வரிசை எண் என்று மூன்றையும் பார்த்து அடுக்குகிறோம். இரண்டு செய்திகள் முன்பின் மாறியது ஏன் மாலை முழுவதையும் மாற்றியது என்பதற்கும் அன்றுதான் விடை கிடைத்தது: எல்லா வண்டிகளும் ஒரே ரேண்டம் எண் வரிசையிலிருந்து எடுத்தன, இரண்டு வண்டிகள் இடம் மாறினால் அதற்குப் பின் வரும் அத்தனை வண்டிக்கும் வேறு எண் கிடைக்கும். வண்டிக்கு ஒரு தனி ரேண்டம் வரிசை கொடுத்தோம். பிழை வந்தால்கூட இப்போது எங்கே தொடங்கியது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. காத்திருந்த நேரங்களைக் கூட்டுவதிலும் வரிசையை நிலைப்படுத்தினோம், கணினியில் தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் மாறலாம்.

சோதனையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லினக்ஸில் நெட்எம் என்ற கருவி வைத்துத் தாமதமும் அதில் ஏற்ற இறக்கமும் கொடுக்கலாம், நாங்களும் அதிலிருந்துதான் தொடங்கினோம். ஆனால் கணினியின் எல்லா இணைப்பையும் ஒரே மாதிரி தாமதப்படுத்தினால் இந்த வகைப் பிழை பெரும்பாலும் வெளியே வராது, எல்லோரும் சேர்ந்து மெதுவாவார்கள், அவ்வளவுதான். ஓர் இணைப்பு மட்டும் பின்தங்க வேண்டும். அதனால் சின்ன இடைத்தரகர் புரோகிராம் ஒன்று எழுதி, ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக, பூஜ்யத்திலிருந்து 2 நொடி வரை மனம்போனபடி தாமதம் கொடுத்தோம். ஒவ்வொரு இரவும் அதே சிமுலேஷன் சீட், 20 விதமான தாமதங்கள், 20 ஓட்டம். முடிவில் பதிவுக் கோப்பின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி எண்) இருபதும் ஒன்றாக இருக்க வேண்டும். கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் போதும் என்று விடுவதில்லை.

ஏற்கெனவே கொடுத்த அறிக்கையை என்ன செய்வது என்பதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. எல்லாக் கிராசிங்குகளையும் மறுபடி ஓட்டினோம். பெரும்பாலானவற்றில் வித்தியாசம் சிறிதுதான். ஒன்றில் மட்டும், மாலை வரிசை பின்னால் உள்ள நாற்சந்திக்கு முன்பே முடிந்துவிடும் என்று எழுதியிருந்தோம், சரியான கணக்கில் அது நாற்சந்தியைத் தாண்டிப் போனது. அந்த வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேரில் போய், எந்த எண் தவறு, ஏன் தவறு என்று விளக்கிப் பழைய அறிக்கையைத் திரும்பப் பெற்றுப் புதியதைக் கொடுத்தோம். அன்று கேட்ட கேள்விகள் கடினமானவை, கேட்டது நியாயம்.

போன மாதம் பேருந்துகளைச் சேர்த்தபோது இரவுச் சோதனையில் 20 ஹேஷில் 3 மாறி வந்தன. மூன்றிலும் ஒரே இணைப்புக்குத்தான் தாமதம் அதிகம், அதனால் தேடும் இடம் சுருங்கியது. பேருந்து நிறுத்தத்துக்காக எழுதிய புதிய பகுதியில், 200 மில்லிநொடிக்குள் பதில் வராவிட்டால் பழைய நிலையையே வைத்துக்கொள் என்று ஒரு வரி இருந்தது. சாதாரண நெட்வொர்க் கோடில் இது நல்ல பழக்கம். இங்கே சுவர்க் கடிகாரம் சிமுலேஷனுக்குள் நுழைய அது ஒரு ஓட்டை. அந்த வரியை எடுத்துவிட்டு அன்று இரவே மறுபடி ஓட்டினோம். காலையில் இருபதும் ஒன்றாக இருந்தன.